அசதிக்காரர் பூசிய ஓடம்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரை படித்தவள் நான். மளிகைக் கடையில் சாமான் சொல்லும்போது பக்கத்தில் ஆள் வந்து நின்றாலே குரல் இறங்கிவிடும். அப்படிப்பட்டவள் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அவரே இதைப் பார்த்தாலும், "எதுக்கும்மா இந்த வேல, போய்ப் படு" என்றுதான் சொல்வார். பெயரைப் போடவில்லை. எங்கள் லைன் வீடுகளில் அவரை அசதிக்காரர் என்போம். அவர் காதுபடவே சொல்வோம்.

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையோரம் இருந்தன அந்த வீடுகள். எந்தத் துணியைக் காயப்போட்டாலும் சாயங்காலம் அதன்மேல் மாவு பூத்திருக்கும். என் வீட்டுக்காரர் சிமெண்ட் பேக்டரியில் மூட்டை ஏற்றுகிற பகுதியில் இருந்தார். பக்கத்து வீட்டில் அசதிக்காரரும் அவர் மனைவியும். அவரை அண்ணன் என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுவேன்.

அண்ணனுடைய வேலை பெல்ட் ஒட்டுவது. கல்லை உடைத்துப் பேக்டரிக்குள் கொண்டுபோக அகலமான ரப்பர் பெல்ட் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அது அறுந்தால் எல்லாம் நிற்கும். அறுந்த முனைகளைப் படிப்படியாகச் சீவி, கறுப்பான ரப்பர் பசையைத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தட்டித் தட்டிச் சேர்ப்பார். சைக்கிள் கடையில் பஞ்சருக்குப் போடும் சொல்யூஷன்தான். ஆனால் இதில் ஒரு சின்ன பாட்டிலில் இருந்து இன்னொரு திரவத்தையும் கலப்பார்கள். கலந்துவிட்டால் கெட்டிப்பட்டுப் பிய்க்க முடியாத ரப்பர் ஆகிவிடும். அவர் நகக்கண்ணில் அது எப்போதும் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வாசனை சாம்பாரையும் மீறி வரும்.

பெல்ட் நேரம் பார்த்து அறுவதில்லை. சோற்றில் கை வைத்திருப்பார், வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். படுத்துக் கண்ணயர்ந்திருப்பார், "அண்ணே, பெல்ட்டு போயிடுச்சு" என்று குரல் கேட்கும். அவர் ஒரு தடவையும் முடியாது என்று சொன்னதில்லை. சந்தோஷமாகப் போனதும் இல்லை. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதோட முடிஞ்சுது. வந்ததும் படுத்துருவேன்" என்பார். அதுதான் அவர் மந்திரம். வாளியைக் கிணற்றில் விட்டால் "இந்த ஒரு வாளியோட முடிஞ்சுது." கோடி வீட்டுக்காரரின் கூரையில் தகரம் காற்றில் பறந்தால் ஏணியை எடுத்து வருவார், ஏறும்போதே, "இதோட முடிஞ்சுது."

பழைய பெல்ட்டை நீளநீளமாகக் கிழித்துப் பின்னி ஒரு கட்டில் செய்திருந்தார். யானை படுத்தாலும் தாங்கும். அதில் யார் யாரோ படுத்துப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்த மாமனார், காய்ச்சல் வந்த பேக்டரி ஆள், ஒருமுறை வழிதவறி வந்த கன்றுக்குட்டிகூட அதன்மேல் ஏறி நின்றது. அவர் படுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்தபடி தூங்குவார். தட்டின் முன்னால் உட்கார்ந்து, கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குவார். அக்கா அவர் முழங்கையை மெல்லத் தட்டுவாள். கவளம் வாய்க்குப் போகும்.

அவர் பிறந்தது சிறுவாச்சூர் பக்கம். இளவயதில் பெரம்பலூரில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ஒரு ரீட்ரேடிங் கடையில் வேலை பார்த்தவர். சிறுவாச்சூர்க் காளி கோயிலைத் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் திறப்பார்கள் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து அவர் சொல்வார்:

"எங்க ஊரு ஆத்தாவே வாரத்துல ரெண்டு நாள்தான் கதவு தொறக்குறா. ஊரு ஒலகத்தயே காக்குறவ அவ. ரப்பர் ஒட்டுற எனக்கு ஏழு நாளும் தொறந்தே கெடக்கணுமாம்."

அக்கா சிரிப்பாள். ஆனால் ஆள் வந்து கூப்பிட்டால் அவரை எழுப்பிவிடுகிறவளும் அவள்தான். ஒருநாள் நான் கேட்டேன், "இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டா என்னக்கா?"

"உள்ள ஆள வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ல நாக்கு எப்புடிம்மா வரும்?" என்றாள்.

அக்காவுக்கு இடது கால் சூம்பியிருக்கும். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதம். இடது கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி நடப்பாள். அவள் பிறந்த ஊர் கொள்ளிடத்துக்கு நடுவே இருந்த ஒரு திட்டு. சத்துணவு வந்த புதிதில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அமைப்பாளர் வேலை அவளுக்குக் கிடைத்தது. உத்தரவு வந்த அன்று லைன் முழுவதும் சர்க்கரை கொடுத்தாள். என் கையில் சர்க்கரையை வைத்துவிட்டு, "நொண்டிக்கு மாப்பிள்ள கெடச்சதே பெருசுன்னாங்க. இப்ப பாரு, நான் போட்டாத்தான் அந்த ஊருப் புள்ளைங்களுக்குச் சோறு" என்றாள்.

கொள்ளிடத்தில் எப்போதும் தண்ணீர் இருக்காது. மேலே அணையில் மிஞ்சினால்தான் எங்கள் பக்கம் வரும். வறண்ட மாதங்களில் மணலில் நடந்தே திட்டுக்குப் போய்விடலாம். தண்ணீர் வந்துவிட்டால் ஓடம்தான். முதல் பஸ்ஸில் திருமானூர் போய், அங்கிருந்து துறைக்கு நடந்து, ஓடம் ஏற வேண்டும். என் தாய்வீடு திருமானூரில்தான். பிள்ளை இல்லாமல் வீட்டில் சும்மா இருந்த நான், தண்ணீர்க் காலத்தில் அக்காவுக்குக் கைத்துணையாகப் பல நாள் போவேன்.

பெரிய ஓடம் அது. சைக்கிள், ஆடு, அரிசி மூட்டை எல்லாம் ஏறும். முன்னும் பின்னும் பலகையடித்த தளம். சேற்றுக் கால்கள் ஏறி ஏறி, பாசி படிந்து, அந்தப் பலகை விளக்கெண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். இரண்டு கால் நன்றாக இருக்கிறவர்களே பக்கத்து ஆள் தோளைப் பிடிப்பார்கள். ஆடி மாதத்தில் ஒருநாள் அக்கா சறுக்கி, இடுப்பளவு தண்ணீரில் விழுந்தாள். அடி ஒன்றுமில்லை. ஆனால் கரையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்து விஷயமெல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும்.

"வெள்ளம் வந்தா இந்தப் பொண்ணு எப்புடி வரும்? சோத்துக்குப் புள்ளைங்க தட்ட வெச்சுக்கிட்டு நிக்கவா? வர முடியலன்னா வேற ஆளப் போட எழுதிடுவேன்" என்றார்.

அந்த வேறு ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவின் அண்ணியுடைய தங்கை. அவளும் பத்தாவது. திட்டிலேயே இருப்பவள். அதனால்தான் அக்கா வெள்ளக் காலத்தில் தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் தங்கிக்கொள்ளவும் வழியில்லை. அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கினால், விடிவதற்குள் அவள் காலைப் பற்றிய பேச்சு வந்துவிடும்.

ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்த அக்காவை அண்ணன் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டார். "பேக்டரியில பெல்ட்டு ஓரமா நடக்குற எடத்துக்கு ரப்பர் பூசி, தூள் தூவி வெச்சிருக்கேன். எண்ண கொட்டினாக்கூட வழுக்காது" என்றார். அப்புறம் பெருமூச்சு விட்டார். "சரி. அந்த ஓடத்தோட முடிஞ்சுது."

நாள்பட்டுக் கெட்டியாகப் போகிறது என்று பேக்டரி ஸ்டோரில் கழித்துப்போட்ட சொல்யூஷன் டின்களைக் கேட்டு வாங்கினார். பெரம்பலூரில் பழைய கடைக்குப் போய், டயரைச் சீவும்போது விழும் ரப்பர்த் தூளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். ஓடக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தார் பூசலாம், தப்பில்ல. டயரப் பூசினா அது ஓடமா, லாரியா?" என்றார். அக்கா அவரை மாமா என்று கூப்பிடுவாள். அவள் முகத்துக்காகச் சம்மதித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடத்தைக் கரையேற்றி, பாசியைச் சுரண்டி, பலகையைக் காயவைத்து, அண்ணன் பூசினார். ஈரமாக இருக்கும்போதே டயர்த் தூளைத் தூவி, மேலே இன்னொரு கை பூசினார். மறுநாள் பொழுது சாய்ந்தபின் பேக்டரியிலிருந்து நேராக வந்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றி, தன் பூட்ஸ் காலோடு ஏறிக் குதித்துப் பார்த்தார். கால் ஒரு இம்மியும் வழுக்கவில்லை. "முடிஞ்சுது" என்றார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினார். அவர் விழாமல் இருக்க, கண்டக்டர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் டிக்கெட் கொடுத்தார்.

அவருக்குத் தோன்றாத ஒன்று இருந்தது. எங்களுக்கும் அது தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ஓடத்தில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். ஆடிப்பெருக்குக்கு அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் படைக்கிறோம். படைத்த இடத்தில் செருப்பா? கையில் கழற்றி வைத்துக்கொண்டுதான் ஏறுவோம். ஆவணி வெயிலில் அந்தக் கறுப்பு ரப்பர் தோசைக்கல் ஆகிவிட்டது. ஜனங்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒரு கிழவர் கத்தினார், "ஓடத்துல தீ மிதிக்க வெச்சுட்டாங்கடா!"

ஓடக்காரர் அக்காவைப் பார்த்து, "ஏம்மா, ஒம் புருசன் சத்துணவுக்கு இங்கயே ஒல வெச்சுட்டாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

ஓடக்காரர் கெட்டவர் இல்லை. கால் சுடுகிறதே என்று, நனைத்த சாக்குகளை அதன்மேல் விரித்துப் போட்டார். வழுக்காத ரப்பருக்குமேல் ஈரச் சாக்கு. மறுநாள் அக்கா அதில் காலை வைத்தாள். ரப்பர் நகரவில்லை, சாக்கு நகர்ந்தது. நான் அவள் வலது கையைப் பிடித்திருந்தேன். ஆனால் விழுந்தது இடது பக்கம். மணிக்கட்டு பூரி போல் வீங்கிவிட்டது. சில நாள் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த நாட்களில் திட்டில் கரண்டியைப் பிடித்தது அண்ணியின் தங்கை. பெரியவர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: இந்த ஒரு தடவை போகட்டும், இன்னொரு தடவை வராவிட்டால் எழுதிவிடுவேன்.

அன்று சாயங்காலம் அக்கா பெல்ட் கட்டிலில் உட்கார்ந்து, மஞ்சள் பற்றுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். நான் அவளுக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"விட்டுடுறேங்க" என்றாள் அக்கா. "எனக்காக இன்னொரு வேல வேணாம். நான் வூட்டுல இருக்கேன். நீங்களும் நாலு நாளு தூங்குங்க."

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார், "நீ வூட்டுல ஒக்காந்துட்டா எனக்குத் தூக்கம் வந்துருமா?"

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சாதத்தையே பிசைந்துகொண்டிருந்தேன். குழைந்து கஞ்சியாகிவிட்டது.

அடுத்து வந்த வார லீவில் அவர் துறைக்குப் போனார். கையில் டின் இல்லை. நான் தாய்வீட்டிலிருந்து அன்று துறைப் பக்கம் போனபோது பார்த்தேன். மருத மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான். தூங்கவும் இல்லை. ஓடம் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர்களின் முகத்தை அல்ல, காலைப் பார்த்தார்.

"எல்லாரும் செருப்பக் கையில வெச்சிருக்காங்கம்மா" என்றார் என்னிடம். "நான் பூட்ஸ் போட்டுக்கிட்டு, வெயில் போனப்புறம் குதிச்சுப் பாத்துட்டுப் போயிருக்கேன். என்ன மாதிரி முட்டாள் உண்டா?" ஓடத்தைக் காட்டி, "ஏறுறவங்க கால் விழுற எடம் கொஞ்சந்தான். நான் தளம் பூராவும் பூசிட்டேன்" என்றார்.

பூசியது உரிந்து வராது. அதுதான் அந்த ரப்பரின் குணம். கத்தியும் உளியும் வைத்து, கால் விழாத இடங்களில் மட்டும் இழை இழையாகச் செதுக்கி எடுக்க வேண்டியிருந்தது. மிச்சம் இருந்த பட்டைகள்மேல் மறுபடி சொல்யூஷன் பூசி, இந்த முறை டயர்த் தூளுக்குப் பதில் கொள்ளிடத்து மணலையே தூவுவது என்று முடிவு செய்தார். கழுவி, காயவைத்து, அக்காவின் மாவுச் சல்லடையில் சலித்த மணல். வெளுப்பாக இருப்பதால் அவ்வளவு சுடாது. எந்தக் காலும் பழகிய மணல்தான்.

"என் சல்லட போச்சு" என்றாள் அக்கா.

"வாங்கித் தரேன். அதோட முடிஞ்சுது."

ஆனால் ஓடத்தை நிறுத்த வழி இல்லை. மேலே தண்ணீர் அதிகம் திறந்துவிட்டிருந்தார்கள். திட்டு ஜனங்களுக்கு வேறு வழி கிடையாது. அதனால் சனிக்கிழமை முன் தளம், ஞாயிற்றுக்கிழமை பின் தளம் என்று பிரித்துக்கொண்டார். ஒரு பக்கம் காயும்போது ஜனங்கள் மறு பக்கம் ஏறி இறங்க வேண்டும். யார் சொன்னாலும் கேட்காமல் காயாத பக்கம் கால் வைத்தார்கள். அவர் கத்தவில்லை. கத்தத் தெம்பு இல்லை. குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, அதில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார். அம்மை போட்ட வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தாண்டவில்லை.

"ஓடத்துக்கு அம்ம வாத்துருக்கு, அந்தாண்ட போங்க, அந்தாண்ட போங்க" என்று ஓடக்காரரே விரட்டினார்.

ஞாயிறு மத்தியானம் தூறல் போட்டது. அண்ணன் பேக்டரியிலிருந்து கொண்டுவந்த தார்ப்பாயை, ஈரமான தளத்தில் படாமல், மழை நிற்கும்வரை தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபக்கம் ஓடக்காரரின் மகன் பிடித்தான். அவன் மூன்று தடவை கை மாற்றினான். இவர் கையை மாற்றியதாக எனக்கு நினைவில்லை. அன்றிரவு அவர் துறையிலேயே இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அக்காவும் நானும் துறைக்கு வந்தபோது ஆறு இரண்டு கரையும் தொட்டுச் சேற்று நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் நிறைய இருந்தார்கள். பெரியவரும் இருந்தார். அண்ணன் மருத மரத்தில் சாய்ந்து நின்றார். கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "நல்லாக் காஞ்சுடுச்சு. பயப்படாம ஏறு" என்று மட்டும் சொன்னார்.

அக்கா செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பலகையில் மணல் பட்டைகள் நரைத்த கோடுகள் மாதிரி இருந்தன. முதலில் நல்ல காலை வைத்தாள். அப்புறம் சூம்பிய காலை, அதன் பாதம் எப்போதும் திரும்பி விழுகிற அந்தக் கோணத்தில், வைத்தாள். அங்கேயும் ஒரு பட்டை இருந்தது. மற்றவர்கள் யாருடைய காலும் விழாத இடம் அது.

"கைய விடு" என்றாள் என்னிடம்.

நான் விடவில்லை.

"விடுடி."

விட்டேன். அவள் முழங்காலில் ஊன்றிய கையையும் எடுத்தாள். ஓடம் ஆடியது. சைக்கிள் வைத்திருந்தவர் தடுமாறி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா நின்றாள். பெரியவர் அவள் காலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அவர் எதுவும் எழுதவில்லை.

பாதி ஆறு போனதும் அக்கா கரைப் பக்கம் திரும்பினாள். அண்ணன் மரத்தடியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் தொங்கியது. பக்கத்தில் ஒரு ஆடு அவர் தூக்குச்சட்டியை முகர்ந்துகொண்டிருந்தது.

"பாத்தியா" என்றாள் அக்கா. "மனுசன் பாக்கட்டும்னுதான் கைய எடுத்தேன். தூங்குறாரு."

சாயங்காலம் திரும்பும்போது அவரை எழுப்பிக் கூட்டி வந்தோம். வீட்டுக்கு வந்து, "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் விழுந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் விடிகாலையில் பெல்ட் அறுந்துவிட்டது என்று பேக்டரியிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தான். அக்கா வாசலுக்குப் போய், "இன்னைக்குச் செவ்வாக்கெழமைப்பா. கதவு தொறக்காது" என்றாள். அவன் புரியாமல் நின்றுவிட்டுப் போனான். அவள் வெளியே பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, தனியாகத் திருமானூர் பஸ் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஆள் வந்தான். அவனுக்கு நான் அதையே சொன்னேன். அன்று பெல்ட்டை வேறு யாரோ ஒட்டினார்கள்.